கம்ப்யூட்டர் ஊசி: பல் பிடுங்கும்போது உண்மையிலேயே வலிக்காதா?

கேள்வி: மேல் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல்லைப் பிடுங்குவதைவிட அதற்கு முன் போடும் ஊசிதான் எனக்குப் பயம். முன்பு ஒருமுறை அண்ணத்தில் போட்ட ஊசியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. ‘கம்ப்யூட்டர் மூலம் வலியில்லாத ஊசி’ போடுவதாக ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமாம். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். உங்கள் விஷயத்தில் அந்தக் கருவியால் நல்ல பயன் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் ‘வலியே இருக்காது’ என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், நன்றாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்லோரும் ஊசி குத்துவதுதான் வலி என்று நினைக்கிறார்கள். பல்லுக்குப் போடும் ஊசி 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் கனம்தான், மேலே ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விட்டால் அந்தக் குத்து பெரும்பாலும் தெரியாது. தெரிவது அதற்கடுத்து மரக்கச் செய்யும் மருந்து உள்ளே போகும்போதுதான். நாக்கு நுனியால் மேல் முன்பற்களுக்குப் பின்னால் அழுத்திப் பாருங்கள், தசை அசையவே அசையாது, எலும்போடு ஒட்டிக் கிடக்கும். அப்புறம் அதே ஈறை உதட்டுப் பக்கம், உதடும் ஈறும் சேரும் மடிப்பில், விரலால் தொட்டுப் பாருங்கள், தொளதொளவென்று நகரும். நகரும் இடத்தில் மருந்துக்கு இடமிருக்கிறது. அண்ணத்தில் இடமே இல்லை, அங்கே ஒரு சில சொட்டு மருந்தை வேகமாகத் தள்ளினாலும் தசை எலும்பிலிருந்து பிய்வது போல வலிக்கும். உங்களுக்கு மறக்காமல் இருப்பது இந்த அழுத்தம்தான். இதோடு இன்னொன்றும் உண்டு, அட்ரினலின் சேர்த்த மருந்து கெடாமல் இருக்க அதைக் கொஞ்சம் அமிலத்தன்மையோடு வைத்திருப்பார்கள், அதனால் ஒரு எரிச்சலும் வரும்.

சரி, கருவி என்ன செய்கிறது? மருந்தைத் தள்ளும் வேலையைக் கட்டைவிரலிடமிருந்து வாங்கி ஒரு மோட்டாரிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். 1.8 மில்லி மருந்து கொண்ட சாதாரண கார்ட்ரிட்ஜையே (மருந்துக் குப்பி) அதிலும் பொருத்துகிறார்கள், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதில் ஊசி. பல மாடல்களில் டாக்டர் காலால் பெடலை அழுத்துவார். மெதுவான வேகத்தில் வைத்தால் மருந்து ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்றுதான் வரும். கையால் போடும்போதும் ஒரு மில்லிக்கு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பல் டாக்டர்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் தசை எதிர்த்தால் கட்டைவிரல் தன்னையறியாமல் இன்னும் பலமாக அழுத்தும், இது எவ்வளவு அனுபவசாலிக்கும் நடக்கும். மோட்டாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஊசி நகர நகர அதன் முனையில் ஒரு சொட்டு முன்னால் போய் வழியை மரக்கச் செய்துகொண்டே இருக்கும், ஊசி பின்னால் போகும்.

1997 வாக்கில் அமெரிக்காவின் மைல்ஸ்டோன் சயின்டிஃபிக் கொண்டுவந்த ‘தி வாண்ட்’தான் இந்த வகையில் முதலில் பெயர் வாங்கியது. பிறகு அதே நிறுவனத்தின் எஸ்.டி.ஏ. என்ற கருவி வந்தது, அது ஊசி முனையில் இருக்கும் அழுத்தத்தையும் அளந்து விளக்காலும் சத்தத்தாலும் டாக்டருக்குச் சொல்லும். கலாஜெக்ட், குயிக்ஸ்லீப்பர் என்று வேறு கருவிகளும் இருக்கின்றன. பிடி பேனா போல இருப்பதும் சின்ன விஷயமில்லை, சிரிஞ்சைப் பார்த்தாலே வியர்த்துப் போகிறவர்களுக்கு அது பாதி பயத்தைக் குறைக்கும், பயம் குறைந்தால் வலியும் குறைவாகத்தான் தெரியும்.

ஆராய்ச்சிகளில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பலவற்றில், முக்கியமாக அண்ணத்து ஊசியில், வலி குறைந்திருக்கிறது. கையாலேயே பொறுமையாகப் போட்டதோடு ஒப்பிட்ட சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: மெதுவாகப் போடுகிற கைதான் முதலில் வேண்டும், கருவி அந்த மெதுவை உறுதி செய்கிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குத் தாடையின் பின்பக்கம் போடும் ஊசி தளர்வான இடத்தில் போகிறது, அதற்கு மட்டும் என்றால் நிதானமான டாக்டர் இருக்கும்போது தனிக் கட்டணம் கொடுக்கச் சொல்லமாட்டேன். உங்களுடையது மேல் பல், அண்ணத்திலும் போட வேண்டியிருக்கும், அதனால் கொடுக்கலாம் என்கிறேன்.

‘எலக்ட்ரானிக் ஊசி’ என்ற பெயரில் வேறு சிலவும் வருகின்றன, போகும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டென்டல்வைப், வைப்ராஜெக்ட் போன்றவை அதிர்வு கொடுப்பவை. இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி அடங்குகிறதே, அதே தத்துவம், 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கியது. கன்னத்தை டாக்டர் விரலால் பிடித்து ஆட்டிக்கொண்டே ஊசி போடுவதும் இதற்காகத்தான். உதவும், ஆனால் அண்ணத்து அழுத்தத்தை இது மாற்றாது.

எந்தக் கருவியாலும் தீராத ஒன்று இருக்கிறது. பல்லைச் சுற்றிக் கடுமையாக வீங்கி, சீழ் கட்டி, இரவெல்லாம் தூங்கவிடாத நிலையில் இருந்தால் அந்தத் தசையே அமிலமாகிவிடும், மருந்து சரியாக வேலை செய்யாது. ஊசி வலிக்காமல் போட்டும் பல் மரக்கவில்லையே என்று அப்போது கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடுதல் ஊசியோ ஆர்ட்டிகெய்ன் போன்ற வேறு மருந்தோ தேவைப்படலாம், வீக்கத்தை முதலில் தணித்துவிட்டு வரச் சொல்லவும் செய்யலாம்.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஈறைத் துடைத்துக் காயவைத்து ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விடுவாரா? ஈரத்தின் மேல் தடவினால் ஜெல் எச்சிலோடு போய்விடும். முதலில் கன்னப் பக்கம் போட்டு, அது மரத்த பிறகு அண்ணத்துக்கு வருவாரா? அண்ணத்துக்கு மெதுவான வேகத்தில்தான் வைப்பாரா? அந்த வேகத்தில் கால் மில்லி போகவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும், நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். நடுவில் தொண்டையில் கசந்தால் பயப்பட வேண்டாம், மருந்து கொஞ்சம் வழிந்திருக்கும், உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.

மருந்து அதேதான் என்பதையும் மறக்காதீர்கள். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, கர்ப்பம், ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் சாதாரண ஊசிக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இதற்கும் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் தவிர, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பயமும் பசியும் சேர்ந்தால் மயக்கம் வரும். உட்கார்ந்ததும், “இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள் டாக்டர்” என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மருந்தை நிறுத்த அவருக்கு ஒரு நொடி போதும்.