ரோட்டவேட்டர் ஓட்டியதும் கோரை பெருகியது ஏன்?

கேள்வி: காய்கறி போட 5 சென்ட் செம்மண் நிலத்தைத் தயார் செய்கிறேன். கோரையும் அருகம்புல்லும் மண்டிக் கிடந்ததால் ரோட்டவேட்டர் விட்டேன். இரண்டே வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டன. ஆடிப்பட்டத்துக்குள் ஒழிக்க முடியுமா?

பதில்: முழுதாக ஒழியாது, பயிரை அமுக்காத அளவுக்குக் குறைத்துவிடலாம். சித்திரையிலேயே தொடங்க வேண்டும்.

ஒரு கோரையை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கம்பி போன்ற தண்டில் கறுத்த சிறு கிழங்குகள் வரிசையாகக் கோத்திருக்கும். இந்தத் தொடர் அறுபடாதவரை பெரும்பாலும் நுனிக் கிழங்குதான் முளைக்கும், மற்றவை உறங்கும். ரோட்டவேட்டர் கத்தி பட்டதும் உறங்கியதெல்லாம் தனித்தனிச் செடியாகிவிடும். அருகம்புல்லிலும் கணு உள்ள துண்டு ஒவ்வொன்றும் தழைக்கும்.

ஆகவே மண்ணை நறுக்காமல் பெயர்க்க வேண்டும். தண்ணீர் விட்டு, மண் பதத்துக்கு வந்ததும் கடப்பாரையாலோ பல் உள்ள தோண்டு முள்ளாலோ முக்கால் அடி ஆழத்துக்குக் கட்டிகளாகப் புரட்டுங்கள். கிழங்கில் பெரும்பகுதி மேல் அரை அடியில்தான் இருக்கும். கைக்கு வந்த கிழங்கையும் அருகந்தண்டையும் பொறுக்கி வெளியேற்றுங்கள். எருக்குழியில் போடாமல் காயவைத்து எரியுங்கள். மிச்சம் கத்திரி வெயிலில் இரண்டு வாரமாவது காயட்டும். ஒரு கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கிறதா? உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இடையில் கோடை மழை பெய்தால் மறுபடி புரட்டத்தான் வேண்டும்.

வைகாசியில் தண்ணீர் விட்டு, தப்பியதை முளைக்க வையுங்கள். முளைத்த மூன்று வாரத்துக்குள் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். எனவே நாலைந்து இலையிலேயே கிழங்கோடு கிளறி எடுத்துவிட வேண்டும். இலையை மட்டும் பிடுங்கினால் வீண் வேலை. பிறகு பசுந்தாள் உரப் பயிரான சணப்பை 1 கிலோ நெருக்கமாக விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மண்ணுக்குள் மடக்குங்கள். இரண்டு களைகளுக்குமே நிழல் ஆகாது. மடக்கி பத்து நாள் கழித்து நடவு.

மண்ணை மூடும் பிளாஸ்டிக் நிலப்போர்வை ஷீட்டை நம்ப வேண்டாம். அருகு அடங்கும், கோரை ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வரும். உப்புக் கரைசல் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. கோரைக்கு முன்னால் மண் கெட்டுப்போகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் பச்சை இலை வழியாகத்தான் இறங்கும், இலை விடாமல் உறங்கும் கிழங்கை அது தொடாது. தவிர, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது.

முதல் போகத்தில் வெங்காயம், கேரட், கீரை வேண்டாம். அவற்றின் இலை மண்ணை மூடாது. பூசணி, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி போடுங்கள். சர்க்கரைவள்ளி தோண்டும்போது மிச்சக் கோரைக்கிழங்கும் கூடவே வரும், பொறுக்கிவிடலாம். வரப்போரம் முக்கால் அடி ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் எடுத்து, மாதம் ஒருமுறை அதில் இறங்கும் அருகை வெட்டுங்கள். வெளியிலிருந்து வண்டல் அடிப்பதாக இருந்தால், இறக்குவதற்கு முன் ஒரு கூடை மண்ணைச் சலித்துப் பாருங்கள். கறுப்புக் கிழங்கு தென்பட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.