வீட்டுப் பெரியவர் விட்டுப்போன தபால்தலைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அப்பாவோ தாத்தாவோ பல வருஷம் சேர்த்த தபால்தலைகள் கைக்கு வந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சார், அப்பா காலமான பிறகு அலமாரியில் நான்கு ஆல்பம், ஒரு பெட்டி நிறையப் பழைய கவர்கள் கிடைத்தன. எனக்கு இதில் ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: எதையும் இடம் மாற்றாமல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே போட்டோ எடுத்து வையுங்கள், பெட்டிக்குள் கவர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதையும் சேர்த்து. சேர்த்தவர் வைத்த வரிசைதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் வழிகாட்டி. பார்க்க ஒரே மாதிரியான இரண்டு தபால்தலைகளை அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் தெரியாமல் வைத்திருக்க மாட்டார். ஓரத்துப் பற்களின் எண்ணிக்கையோ, காகிதத்துக்குள் மங்கலாகத் தெரியும் வாட்டர்மார்க் குறியோ, நிறத்தின் அழுத்தமோ வேறாக இருக்கும். பென்சிலில் சின்னதாக எழுதிய எண்கள் பெரும்பாலும் கேட்லாக் (தபால்தலைகளை எண் போட்டு விலையோடு பட்டியலிடும் புத்தகம்) எண்கள், அழித்துவிடாதீர்கள். காலியாக விட்ட இடங்களையும் பாருங்கள், அவர் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அதிலிருந்தே தெரியும். வாங்கிய ரசீது, கடிதம், நோட்டுப் புத்தகம் எதுவானாலும் ஆல்பத்தோடு சேர்த்தே வையுங்கள். ‘சுத்தமாக அடுக்கிவிடலாம்’ என்று எல்லாவற்றையும் பிரித்துப்போட்டால் இந்தத் தகவல் அத்தனையும் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

கேள்வி: எல்லாமே ரொம்பப் பழசு, சிலது நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். நல்ல விலை போகும்தானே?

பதில்: பழசு என்பதற்காக மட்டும் விலை போகாது. உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 1840-இல் பிரிட்டன் வெளியிட்ட பென்னி பிளாக். அதைவிடப் பழையது எங்கே இருக்கிறது? ஆனால் சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்கள், நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன, அதனால் அது அரிதான தபால்தலை கிடையாது. அதிலேயே 11-ஆம் அச்சுத் தகட்டில் அச்சானது கிடைப்பது கஷ்டம், அதற்கு விலை தனி. ஆக எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிலை என்றால் பற்கள் முழுசாக இருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மடிப்பு, கிழிசல் உண்டா, பின்பக்கம் காகிதம் உரிந்து மெலிந்திருக்கிறதா என்பதெல்லாம். மெலிவு முன்பக்கம் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும்.

இன்னொன்று. 1960, 70-களில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் சில வளைகுடா எமிரேட்டுகளும் சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே, தபாலில் போகாமலேயே முத்திரை குத்திய பளபளப்பான தபால்தலைகளை ஏராளமாக வெளியிட்டன. மூலையில் அழகாக முத்திரை இருக்கும், பின்னால் பசையும் அப்படியே இருக்கும். பல ஆல்பங்களில் இவைதான் பாதி இடத்தை அடைத்திருக்கும், விலை சொற்பம். கேட்லாக்கில் போட்டிருக்கும் தொகையைக் கூட்டி அதுதான் மதிப்பு என்றும் நினைக்க வேண்டாம். அது குறையில்லாத பிரதிக்கான கணக்கு, விற்கப் போனால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

கேள்வி: தபால்தலைக்குப் பின்னால் சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. உரித்துவிடலாமா?

பதில்: அதற்குப் பெயர் ஹிஞ்ச், அந்தக் காலத்தில் ஆல்பத்தில் அப்படித்தான் ஒட்டுவார்கள். விட்டுவிடுங்கள். பலவந்தமாக உரித்தால் தபால்தலையின் காகிதமும் சேர்ந்து வரும், ஹிஞ்ச் இருப்பதைவிட அது பெரிய நஷ்டம்.

கேள்வி: அண்ணா, பெட்டியில் இருக்கும் கவர்களிலிருந்து தபால்தலைகளை வெட்டி எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு நேரம் போட வேண்டும்?

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள்! பழைய கவரில் தபால்தலை மட்டுமா இருக்கிறது? ஊர் முத்திரை, தேதி, எந்த வழியாகப் போனது, போர்க்காலமானால் தணிக்கைச் சீட்டு, இதையெல்லாம் படிப்பதற்கென்றே தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். மூலையை வெட்டிய பிறகு அந்தக் கவரைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கும் வரை பழைய கவர் எதையும் தொடாதீர்கள்.

சமீப காலத்துச் சாதாரணக் கவர்த் துண்டுகள் என்றால் சரி, ஊறவைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில், படம் மேலே இருக்கும்படி பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டால் தானாகக் கழன்று வரும், இழுக்க வேண்டாம். பின்னால் ஒட்டியிருக்கும் பசையை நல்ல தண்ணீரில் அலசி, படம் கீழே பார்க்க மையொற்றும் தாளில் காயவைத்து, அப்புறம் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். சிவப்பு, பச்சைக் கவர்களைத் தனித்தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கும். தபால்தலையின் மையே கரைவதும் உண்டு: 1880-களில் பிரிட்டன் பச்சையிலும் ஊதா சாயலிலும் அச்சடித்த சில, முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்க, ஈரம் பட்டால் நிறம் போகும்படி வேண்டுமென்றே செய்தவை. இப்போது வரும் ஸ்டிக்கர் வகையில் பலவும் தண்ணீரில் கழலாது, அவற்றைச் சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பசையுள்ள புதுத் தபால்தலைகள் பத்துப் பதினைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன.

பதில்: மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈர ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ஈரம் நேராகப் படாதபடி ஒரு வலைத்தட்டு, அதன்மேல் தபால்தலைகள். மூடி வைத்து அவ்வப்போது பாருங்கள், ஈரக்காற்றிலேயே இளகும். சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பசை கொஞ்சம் கெடும்தான், ஆனால் காகிதம் பிழைக்கும்.

கேள்வி: சாமணம் கட்டாயம் வேண்டுமா?

பதில்: வேண்டும், தபால்தலைக்கென்றே தட்டையான முனையோடு விற்பது. விரலின் எண்ணெயும் வியர்வையும் காகிதத்தில் இறங்கினால் பிறகு கறையாகத் தெரியும். முக அலங்காரத்துக்கு வைத்திருக்கும் ட்வீசரில் வரி வரியாக இருக்கும், அது தடம் பதிக்கும்.

கேள்வி: எந்த நாடு என்றே பலவற்றில் புரியவில்லை.

பதில்: ராணி அல்லது ராஜா தலை மட்டும் இருந்து நாட்டின் பெயரே இல்லையென்றால் பிரிட்டன். முதலில் வெளியிட்ட நாடு என்பதால் பெயர் போடாமல் விடும் வழக்கம் அதற்கு மட்டும் நிலைத்துவிட்டது. ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, மாக்யார் என்றால் ஹங்கேரி, சுவோமி என்றால் பின்லாந்து, ஸ்வேரியே என்றால் சுவீடன். பழைய ஜப்பானியத் தபால்தலைகளில் சாமந்திப் பூச் சின்னம் இருக்கும். நாடு தெரிந்துவிட்டால் கேட்லாக்கில் தேடுவது சுலபம். ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல் மூன்றும் உலகம் முழுக்கப் புழங்குபவை, நூலகத்தில் பழைய பதிப்பு கிடைத்தாலும் அடையாளம் காணப் போதும். எண்கள் மூன்றிலும் வேறு வேறு, அதனால் எந்தக் கேட்லாக் எண் என்பதையும் குறித்து வையுங்கள்.

பற்களை அளக்க ஒரு அளவுகோல் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு, 14 என்றும் 12½ என்றும் சொல்வது அதைத்தான்.

கேள்வி: ஆல்பத்தில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. சில தபால்தலைகளில் பழுப்புப் புள்ளிகள் வேறு.

பதில்: வாடை வந்தால் அநேகமாக பிவிசி உறைகள். அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி கசிந்து தபால்தலையின் மையைக் கெடுக்கும், சீக்கிரம் மாற்றுங்கள். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. மாற்றும்போதும் வரிசை கலையக் கூடாது, முதலில் எடுத்த போட்டோவைப் பார்த்தே அடுக்குங்கள்.

பழுப்புப் புள்ளி பெரும்பாலும் ஈரத்தால் வரும் பூஞ்சை. அந்தத் தபால்தலைகளைத் தனியே பிரித்து வையுங்கள், வீட்டில் இருக்கும் ரசாயனத்தைத் தடவிச் சுத்தம் செய்ய இறங்காதீர்கள். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி, வெயிலும் ஈரச்சுவரும் இல்லாத இடத்தில் வைத்தால் போதும்.

கேள்வி: ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்தை மட்டும் இப்போதே கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்த இரண்டு பக்கம் போனபின் மீதியை வாங்க ஆள் வராமல் போகலாம். அவர் எந்தப் பக்கங்களைக் கேட்டார் என்று குறித்துவைத்து, இன்னும் இரண்டு பேரிடம் முழுச் சேகரிப்பையும் காட்டுங்கள். அரிது என்று சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் நிபுணர் குழுவின் சான்றிதழ் வாங்கலாம், லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற இடங்களில் அதற்கென்றே குழுக்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டாம், சான்றிதழ் செலவைத் தாங்கும் ஒன்றிரண்டுக்கு மட்டும். போலிகளும் நிறைய. பற்களை வெட்டிவிட்டு ‘பல் இல்லாத அரிய வகை’ என்று காட்டுவது பழைய வேலை, அதனால்தான் அந்த வகையை ஜோடியாகவோ அகன்ற ஓரத்தோடோ கேட்பார்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பிள்ளைகள். எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: நாடு நாடாகவோ ஆல்பம் ஆல்பமாகவோ பிரியுங்கள். ஒரு தொகுப்பில் ஆளுக்கு இரண்டு என்று எடுத்தால் மூவரிடமும் அரைகுறைதான் மிஞ்சும். நாலு நாலாகச் சேர்ந்திருக்கும் பிளாக், முழு ஷீட் இவற்றைக் கிழிக்கவே கூடாது. போட்டோக்களை மூவரும் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்க மனசில்லை. ஒன்பது வயதுப் பெண் ஆசையாகப் பார்க்கிறாள், அவளிடம் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் தாத்தாவின் ஆல்பத்தை நேராகக் கையில் கொடுக்காமல், அவளுக்கென்று ஒரு ஸ்டாக் புக் (ஒட்டாமல் பட்டைகளுக்குள் செருகி வைக்கும் ஆல்பம்), ஒரு சாமணம், ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள். பெட்டியில் ஒரே தபால்தலை பத்துப் பிரதி இருந்தால் அவற்றில் வேறுபாடு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு அதிலிருந்து அவளுக்குத் தாருங்கள். பறவை, ரயில், கப்பல் என்று அவளுக்குப் பிடித்த விஷயத்தில் அவளே பிரிக்கட்டும். சாமணத்தைப் பிடிக்கக் கை பழகிய பிறகு, தாத்தாவின் ஆல்பத்தை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டுங்கள்.