ராபர்ட் காப்பா மாதிரி போர்ப் புகைப்படக்காரர் ஆக என்ன படிக்க வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார். நானும் அதே ஊர்தான், தம்பி. காப்பா புகைப்படக் கலை எதுவும் கல்லூரியில் படித்தவர் இல்லை.

1913-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். இயற்பெயர் எண்ட்ரே ஃப்ரீட்மன். அரசியல் நெருக்கடியால் 1931-இல் பெர்லின் போனார். அங்கே ஒரு பட நிறுவனத்தின் இருட்டறையில் எடுபிடி வேலை. 1932-இல் கோபன்ஹேகனில் ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி பேசியதைப் படமெடுத்தார், அதுதான் தொடக்கம். ஹிட்லர் வந்ததும் பாரிஸ். படம் விலைபோகவில்லை என்று அவரும் காதலி கெர்டா டாரோவும் 'ராபர்ட் காப்பா' என்றொரு புகழ்பெற்ற அமெரிக்கரைக் கற்பனை செய்து, அந்தப் பெயரில் விற்றார்கள். சரியான கில்லாடிகள்! டாரோவும் போர்ப் படங்கள் எடுத்தவர்தான். 1937-இல் ஸ்பெயின் போர்க்களத்தில் டாங்கி மோதி இறந்தார். அவரை நாம் அதிகம் பேசாதது எனக்கு வருத்தம்.

இரண்டாம் உலகப் போரில் 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கியபோது அவர் எடுத்த படங்களை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிழைப்பு என்று பார்த்தால் 1947தான் முக்கியம். அப்போது நண்பர்களோடு மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே படத்தின் உரிமை பத்திரிகைக்கு இல்லை, எடுத்தவருக்கே. 1954-இல் வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்து இறந்தபோது வயது 40.

அப்புறம், போரைத் தேடி இப்போதே ஓட வேண்டாம். 1948-இல் நம் ஊர்த் தோட்டங்களில் நிர்வாகிகள் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான பிரிட்டிஷ் அரசின் போர், வந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டுப் படமெடுத்துப் பழகுங்கள்.