புதுத் தந்தைக்குப் பரிசு தரலாமா?

கேள்வி: என் தம்பிக்குச் சென்ற வாரம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தம்பி மனைவி தஞ்சாவூரில் தாய்வீட்டில் இருக்கிறாள். தம்பி வேலையின் காரணமாக ஓசூரில் தனியாக இருக்கிறான். அத்தை என்ற முறையில் குழந்தைக்கு வெள்ளிக் காப்பும் கொலுசும், தம்பி மனைவிக்குப் புடவையும் வாங்கிவிட்டேன். தம்பிக்கும் ஏதாவது தர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், “பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் செய்தால் போதாதா, ஆம்பிளைக்கு எதற்கு? நீ செய்வதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் தாங்களும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டுமோ என்று சங்கடப்படுவார்கள்” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மணப்பாறை.

பதில்: தாராளமாகத் தாருங்கள். உங்கள் அம்மா சொல்லும் இரண்டு காரணங்களில் முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன். அதனால் எதைத் தருவது, எங்கே வைத்துத் தருவது என்ற இரண்டையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைப் பேற்றில் ஆணுக்கு நம் வீடுகள் ஒதுக்கியிருக்கும் வேலை கொடுப்பதுதான், வாங்குவது அல்ல. குழந்தை பிறந்த செய்தி வந்ததும் சர்க்கரையோ கற்கண்டோ மிட்டாயோ வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்து வருபவன் தகப்பன். வளைகாப்பில் வளையல் கர்ப்பிணிக்கு. காப்பும் அரைஞாணும் குழந்தைக்கு. மடியில் உட்கார்த்திக் காது குத்தும் உரிமைகூடத் தாய்மாமனுக்கு. 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் கொசுவலை, கிலுகிலுப்பை, நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருள்கள் இருந்தன. அவை அத்தனையும் தாய்க்கும் சேய்க்கும் உரியவை. அது சரியானதே. உடல் நொந்து பெற்றவள் அவள். முதல் கவனிப்பு அவளுக்கும் குழந்தைக்கும்தான் சேர வேண்டும், அதில் ஒரு துளியையும் பிடுங்கித் தகப்பனுக்குக் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால், அவனுக்கு இதில் ஒன்றும் நேரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறோமே, அது சரியில்லை என்கிறேன்.

உங்கள் தம்பியின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குழந்தை தஞ்சாவூரில் இருக்கிறது. அவன் ஓசூரில் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போகிறான். வேளைக்கு மெஸ் சாப்பாடு, கைப்பேசியில் வரும் நான்கு படங்கள், மாதக் கடைசியில் வரவிருக்கும் செலவுகளின் கணக்கு ஆகியவைதாம் அவனுக்குத் துணை. மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அப்படியொரு விடுப்பைச் சட்டம் இன்னும் உறுதி செய்யவில்லை. பெண்களின் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலும் தந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்டு நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 2023-இல் அந்த வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எடுத்துச் சொன்னது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் மருத்துவ உலகம் அறியும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2010-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, குழந்தைப் பேற்றை ஒட்டிய மாதங்களில் ஏறத்தாழப் பத்துத் தந்தையரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. அப்படிப்பட்ட காலத்தில் அக்காள் ஒருத்தி, “உன்னையும் நினைத்தேன்” என்று ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்தால், அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதைக் கொடுப்பது என்பதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். எங்கள் மூத்த பெண் 1989-இல் கும்பகோணத்தில் என் தாய்வீட்டில் பிறந்தாள். என் கணவர் அப்போது கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலையில் இருந்தார். செய்தி கிடைத்து வந்தவர், தீட்டு என்று பெரியவர்கள் சொன்னதால் அறை வாசலிலேயே நின்று குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பினார். அதன்பின் அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், யாரும் கேட்காமலே, நான்கு வாரங்கள் தொடர்ந்து அவருடைய சனிக்கிழமை இரவு ஷிஃப்டைத் தாம் பார்த்துக் கொடுத்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் விடியும்போது இவர் வாசலில் வந்து நின்றார். மூன்றாவது ஞாயிறு என் பாட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பழைய வேட்டி ஒன்றை அவரிடம் நீட்டி, “நீங்களே கிழித்துக் கொடுங்கள் மாப்பிள்ளை” என்றார். கரை குழந்தையின் தோலை உறுத்தும் என்று முதலில் இரண்டு பக்கமும் கரையைத் தனியே எடுக்கச் சொன்னார். பிறகு பல்லால் ஓரத்தைக் கடித்து, நூல் வழியாகவே நேராகக் கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து அடுக்கக் கற்றுக் கொடுத்தார். மடித்த துணிகளில் ஒன்றை விரித்துக் குழந்தையைச் சுற்றி என் கணவரின் கைகளில் வைத்தபோது, அவர் மூச்சுக்கூட விடாமல் அரைமணி நேரம் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நண்பரிடமிருந்து வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் பாட்டியிடமிருந்து வந்த அந்த அரைமணி நேரத்தையும்விடப் பெரிய பரிசு அவருக்குப் பின்னாளில் கிடைத்ததாக நான் அறியேன்.

ஆகவே கைக்கடிகாரம், சட்டைத்துணி, வாசனைத் திரவியம் போன்றவற்றை அவனுடைய பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தருவது அவனைக் குழந்தையின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாக இருக்கட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது; அடுத்த எட்டு வாரங்களின் சனி, ஞாயிறுக்கு ஓசூரிலிருந்து தஞ்சாவூர் போய்வரப் பயணச்சீட்டு எடுத்து அவனிடம் கொடுங்கள். மனைவியும் குழந்தையும் ஓசூருக்குத் திரும்பும் முன் நீங்கள் இரண்டு நாள் அங்கே போய், வீட்டைத் துடைத்து, தொட்டில் கட்டக் கொக்கி இருக்கிறதா, அது பாரம் தாங்குமா என்று பார்த்துவிட்டு வர முடிந்தால், அது புடவை, காப்பு எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

கையில் எடுத்துக் கொடுக்கும்படியாக ஒரு பொருளும் வேண்டும் என்றால், நல்ல கெட்டியான கோப்பு ஒன்றை வாங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டு, தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு கொடுத்த பிக்மி எண் குறித்த தாள் ஆகியவை எல்லாம் பெரும்பாலும் பாட்டியின் கைப்பையிலோ தலையணைக்கு அடியிலோ போய்ச் சேர்கின்றன. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் சேர்த்துவிட்டால் கட்டணம் இல்லை. நம் மாநிலத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பிக்மி எண்ணைக் கேட்கிறார்கள். பிறந்தவுடன் போட்ட ஊசிகளுக்குப் பின் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் அடுத்தடுத்த தவணைகள் வரும். இந்தத் தேதிகளை முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதி, “இது உன் பொறுப்பு” என்று தம்பியிடம் கொடுங்கள். ஓசூரில் இருந்தபடியே அவன் செய்யக்கூடிய தகப்பன் வேலை இது. நள்ளிரவில் பால் கொடுத்துவிட்டுக் கண்ணயரும் பெண்ணுக்கு, நாளை மறுநாள் ஊசி என்பதை நினைவில் வைத்திருக்க இன்னொருவர் இருக்கிறார் என்பதே பெரும் ஆறுதல்.

இனி உங்கள் அம்மாவின் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். முதல் பிரசவச் செலவைப் பெண் வீட்டார் ஏற்கும் வழக்கமுள்ள குடும்பம் உங்களுடையது என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். ஏற்கெனவே கை இறுகியிருக்கும் அந்த வீட்டில், பெயர் சூட்டும் நாளில், நாலு பேர் நடுவில் தாம்பாளத்தில் வைத்துத் தம்பிக்கு நீங்கள் எதையாவது நீட்டினால், அது சீர் வரிசையில் சேர்ந்துவிடும். பார்ப்பவர்கள் எதிர்வரிசையை எண்ணத் தொடங்குவார்கள். எனவே சபையில் காப்பையும் புடவையையும் மட்டும் வையுங்கள். தம்பிக்கு உரியதை அவன் ஓசூர் வீட்டில், அல்லது தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் அவன் வந்து இறங்கும்போது, அக்காளும் தம்பியுமாக இருக்கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. அலுவலக நண்பர்கள் பணம் சேர்த்து எனக்கு ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று தெரிகிறது. பெற்றவள் அங்கே தூக்கமில்லாமல் கிடக்க, நான் இங்கே பரிசு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. மறுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், கோவை.

பதில்: உங்கள் கூச்சம் உங்களைப் பற்றி நல்லதையே சொல்கிறது. ஆனாலும் மறுக்க வேண்டாம். மறுத்தால் அவர்கள் மனம் சுருங்கும். என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதிலாக இரண்டு மாலைப் பொழுது வேலையைப் பார்த்துக்கொள்வதும், நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்பும்போது “என்ன, இப்போதே கிளம்பிவிட்டீர்களா” என்று யாரும் கேட்காமல் இருப்பதும் போதும் என்று சொல்லலாம். பொருளாகவே வாங்கிவிட்டார்கள் என்றால் நன்றியோடு பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டுங்கள். அன்றிரவு குழந்தை அழுதால் ஈரத்துணியை மாற்ற முதலில் எழுந்திருப்பவர் நீங்களாக இருங்கள். பால் கொடுப்பது ஒன்றைத் தவிரக் குழந்தைக்குச் செய்யும் வேலைகளில் ஆணால் இயலாதது எதுவும் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைக்கூட, தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பன் செய்யலாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. “மாப்பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று சம்பந்தியம்மாள் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒரு பவுன் மோதிரம் போடலாம் என்றால் கடன்தான் வாங்க வேண்டும். போடாவிட்டால் மகளுக்குப் பேச்சு வருமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், விருதுநகர்.

பதில்: அம்மா, கடன் வாங்கி மோதிரம் போடாதீர்கள். விரும்பிக் கொடுத்தால்தான் அது பரிசு. கேட்டு வாங்குவது பரிசாகாது. குழந்தைப் பேற்றை ஒட்டி வழக்கமாகச் செய்யும் சீரை வரதட்சிணை என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒரு வழக்கில் சொன்னது உண்மை. ஆனால், பொருள் கேட்டு ஒரு பெண்ணை வதைப்பது, அதற்கு என்ன பெயர் வைத்தாலும், கொடுமை என்ற தனிக் குற்றத்தில் அடங்கும். சட்டம் வரை போக வேண்டிய நிலை உங்களுக்கு வராது என்றே நம்புகிறேன். பல வீடுகளில் தாய் கேட்பது மகனுக்குத் தெரிவதே இல்லை. முதலில் உங்கள் மகளிடம் பேசுங்கள். அவளுக்குச் சம்மதம் என்றால் மருமகனிடம் நீங்களே நேரில், நிதானமாக, “இப்போது எங்களால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்லுங்கள்.

கையில் இருப்பதைக் கொண்டு அவருக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், பேத்தியின் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கச் சொல்லி முதல் தவணையை அவரிடம் கொடுங்கள். 250 ரூபாயிலேயே தொடங்கலாம்; காப்பாளராக அவரே கையெழுத்துப் போடலாம். பிறப்புச் சான்றிதழ் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவரே அஞ்சலகத்துக்குப் போகட்டும்.