முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தோடு ஒட்டிக்கொள்ள ஒரு சீனியர் என்ன செய்யலாம்?

மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்களை முதலாண்டு மாணவர்கள் பத்துப் பேருக்கு வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த வேலையை இரண்டு ஆண்டு பார்த்தேன். முதல் தடவை நூலகம், அலுவலகம், விதிமுறை என்று எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லி முடித்துவிட்டேன். யாருக்கும் எதுவும் நினைவில் நிற்கவில்லை. அன்று அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் மறுநாள் வகுப்புக்குச் சேர்ந்து போக ஒரு ஆள்தான். அதனால் முதல் வாரம் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒரே வகுப்பாக இருந்தால் நல்லது.

உண்மையான சிக்கல் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தொடங்கும். புதுமை தீர்ந்திருக்கும், முதல் தேர்வு மதிப்பெண்ணும் வந்திருக்கும். பள்ளியில் முதலிடம் வாங்கியே பழகிய பிள்ளைக்கு, சுற்றியிருக்கிற எல்லாருக்கும் புரிகிறது, தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தோன்றிவிடும். ஆனால் வெளியே சொல்லாது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்ற பதில்தான் வரும்.

அதனால் நான் கேள்வியை மாற்றினேன். "நேத்து மத்தியானம் யாரோட சாப்பிட்டே?" என்று கேட்டேன். ஒருத்தி பதில் சொல்லாமல் பையின் பட்டையைத் திருகிக்கொண்டே நின்றாள். உணவுக்கூடத்தில் தனியாக உட்காரக் கூச்சப்பட்டு, பத்து நாளாக மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதல் பருவத்தில் நான் கணக்கில் தோற்றதையும், படிப்பை விட்டுவிடலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்ததையும் சொன்னேன். "உங்களுக்குமா?" என்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னிடம் நிறைய பேசினாள்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 'இந்த இடம் நமக்கு ஒத்துவருமா என்ற பயம் எல்லாருக்கும் வரும், நாளாக ஆகப் போய்விடும்' என்று மூத்த மாணவர்கள் சொன்ன அனுபவங்களை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு தங்கள் அனுபவத்தையும் எழுத வைத்தார்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. நீங்கள் தடுக்கி விழுந்த கதையைத் தயங்காமல் சொல்லுங்கள். எப்படி எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படிப்பு விஷயத்தில் "சந்தேகம் இருந்தால் பேராசிரியரைப் போய்ப் பார்" என்று சொன்னால் போக மாட்டார்கள். முதல் தடவை கூடவே போங்கள். மாடிப்படியில் சாப்பிட்ட அந்தப் பெண்ணோடு நான் போனபோது, கதவைத் தட்டுவதற்குள் கேள்வி எழுதிய தாளை நான்காக மடித்துப் பிரித்து, மறுபடியும் மடித்தாள். உள்ளே போனவள் பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடவில்லை, அவளே போய்விட்டாள்.

குழுவாகப் படிக்க வைப்பதானால் 'படிப்பில் பின்தங்கியவர்களுக்கு' என்று மட்டும் அறிவிக்காதீர்கள், ஒருவரும் வர மாட்டார்கள். 1973இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய ஒரு குழுப் படிப்பு முறை, பின்தங்கிய மாணவரைத் தேடாமல் கடினமான பாடத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பாடத்தை முன்பே நன்றாகப் படித்து முடித்த மாணவர் வாராவாரம் குழுவை நடத்துவார், யார் வேண்டுமானாலும் வரலாம். வருவதில் அவமானம் எதுவும் இல்லை.

இன்னொன்று. சில நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்கும் வரவில்லை என்றால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால், நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். அந்த அறை எங்கே இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று இந்த வாரமே ஒரு நடை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.