இன்செர்ட்டை மாற்றும் முன் இரும்பைப் பாருங்கள்

கேள்வி: பினாங்கு பிறையில் சின்ன சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல்) பட்டறை நடத்துகிறேன். எஃப்சி250 என்ற தர சாம்பல் வார்ப்பிரும்பில் பம்ப் கூடுகளைக் கடைகிறோம். ஒரு லோடு வார்ப்புக்கு இன்செர்ட் (வெட்டுக் கருவியில் மாட்டும் மாற்று முனை) நாள் முழுக்கத் தாங்குகிறது. அடுத்த லோடுக்கு மதியத்துக்குள் முனை தெறிக்கிறது. விலை கூடிய இன்செர்ட்டும் புது கூலண்டும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு நீர்மம்) வாங்கச் சொல்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மெஷினும் புரோகிராமும் அதே, மாறியது லோடு மட்டும் என்றால் கோளாறு வார்ப்பில்தான்.

250 என்பது தனியாக வார்த்த சோதனைக் கம்பியின் இழுவிசை வலிமை. உங்கள் கூட்டின் மெல்லிய ஓரம் எப்படிக் குளிர்ந்தது என்று அது சொல்லாது. வேகமாகக் குளிர்ந்த இடத்தில் கரிமம் கிராஃபைட்டாகப் பிரியாமல் மிகக் கடினமான கார்பைடாக இறுகிவிடும். முனை அங்கேதான் போகிறது. இதைத் தடுக்க வார்ப்பாலையில் உருகிய இரும்பில் பெர்ரோசிலிக்கான் (இரும்பு-சிலிக்கான் கலவை) சேர்ப்பார்கள். சேர்த்தபின் ஊற்றத் தாமதித்தால் அதன் பலன் நிமிடக் கணக்கில் தேயும்.

வார்ப்போடு வரும் தரச் சான்றிதழை நம்பி ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று வார்ப்பாலைச் சரக்கை ஒரே பேலட்டில் அடுக்கி, ஒரே நகலைக் கூட வைத்து அனுப்புவது இங்கே சாதாரணம். ஒவ்வொரு கூட்டிலும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) இல்லையென்றால் டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரினெல் கடினத்தை மெல்லிய ஓரத்துக்குப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; ஜப்பானியத் தரப்படி எஃப்சி250-க்கு 241-ஐத் தாண்டக்கூடாது. தடித்த பகுதியில் அளந்து "பாஸ்" போடுவது பழைய வித்தை. கிலோ விலையை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்கும் பர்சேசிங்காரர்களுக்கு இதெல்லாம் காதில் ஏறாது. இன்செர்ட் செலவு அவர்கள் கணக்கில் வருவதில்லையே!

கூலண்ட் விஷயம். சாம்பல் வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம், தூசியை உறிஞ்ச வழி இருந்தால் போதும். டேப் என்ற கருவியால் துளைக்குள் மரை வெட்டுவது மட்டும் விலக்கு. டேப் உள்ளே சிக்கினால் கூடே வீண், அதனால் அங்கே எண்ணெய் வேண்டும். அதுவும் டேப்பில் தடவும் அளவுக்கு மட்டும். மரைக்கு வேண்டுமே என்று முகப்பு வெட்டும்போதும் கூலண்ட் பைப்பைத் திறந்துவிடாதீர்கள். துளை முடிந்ததும் மூடுங்கள். கிராஃபைட் தூள் கலந்தால் டேங்க் சேறாகும். கழித்த எண்ணெய்-நீர்க் கலவை மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 307 என்ற வகைக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும், 180 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. உலர்ந்த சீவலோ திரும்ப உலைக்குப் போகும் சரக்கு. அதை ஈரச் சீவல் விலைக்குக் கேட்கும் பழைய இரும்புக்காரரிடம் தராசைக் காட்டச் சொல்லுங்கள்.