மாட்டிக்கிட்ட ஷேருக்குப் பேரு லாங் டெர்மா?

கேள்வி: அண்ணே, கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். டெலிகிராம் குரூப்ல சொன்னாங்கன்னு, சீட்டு எடுத்த காசுல ஒரு சின்ன கம்பெனி ஷேர் 62 ரூபாய்க்கு 2,000 வாங்கினேன். ரெண்டு மாசத்துல 120 போகும்னாங்க. வாங்குன மறுநாள்ல இருந்து பத்து நாளா லோயர் சர்க்யூட் (ஒரு நாள்ல எவ்வளவு இறங்க விடுவாங்களோ அவ்வளவும் இறங்கிடுது), இப்ப 37. குரூப்ல கேட்டா 'பயப்படாதீங்க, இது லாங் டெர்ம் ஷேர்'ங்கிறாங்க. வச்சிருக்கவா, வித்துடவா?

பதில்: தம்பி, வாங்குறப்ப ரெண்டு மாசக் கணக்கு, இறங்குனதும் லாங் டெர்மா? நானும் இப்படி ஒரு ஷேரை 'லாங் டெர்ம்'ல பல வருஷம் வச்சிருந்தவன்தான், அதனால உரிமையோட திட்டுறேன்.

உங்க ஷேருக்கு ஒரு நாளைக்கு 5 சதவீதம்தான் லிமிட் போல, பத்து நாள் அப்படி இறங்குனா 62 சரியா 37-க்கு வந்து நிக்கும். ஆப்பைத் திறந்து பாருங்க, விக்கிற பக்கம் ஆர்டர் குவிஞ்சு கெடக்கும், வாங்குற பக்கம் காலியா இருக்கும். உங்களுக்கு 62-ல வித்தது யாருன்னு யோசிச்சீங்களா? 2023 மார்ச்ல, ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபி ஒரு ஆர்டர் போட்டுச்சு, யூடியூப்ல வீடியோ போட்டு ஒரு சின்ன டிவி கம்பெனி ஷேரை ஏத்திவிட்டு, ஜனங்க வாங்க வந்தப்போ அவங்க தலைல கட்டிட்டு வெளியேறுன கேஸ் அது. உங்க குரூப்பும் அதே ரகமான்னு எனக்குத் தெரியாது, ஆனா வாசனை அதேதான்.

ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு உங்க கைல 74,000 ரூபாய் ரொக்கமா இருந்தா இதே ஷேரை 37-க்கு வாங்குவீங்களா? மாட்டேன்னா வித்துடுங்க. 62 வரட்டும்னு காத்திருந்தா அது இங்கேருந்து கிட்டத்தட்ட 68 சதவீதம் ஏறணும். ஒரே விலைக்கு ஆர்டர் போட்டவங்கள்ல முதல்ல போட்டவங்களுக்குத்தான் முதல்ல விக்கும், அதனால காலைல மார்க்கெட் திறக்குறதுக்கு முன்னாடியே போட்டு வைங்க. வந்த நஷ்டத்தை ஐடி ரிட்டர்ன்ல காட்டுங்க, கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணிட்டா அடுத்த 8 வருஷம் வரைக்கும் ஷேர் லாபத்துல கழிச்சுக்கலாம்.

பெரிய கம்பெனின்னாலும் ஒரே ஷேரைக் கட்டிப்பிடிச்சா இதே கதைதான். யெஸ் பேங்க் 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய்கிட்ட இருந்துச்சு, 2020 மார்ச்ல ரிசர்வ் பேங்க் தலையிட்டு, கணக்கு வச்சிருக்கிறவங்க 50,000 ரூபாய்க்கு மேல எடுக்கக்கூடாதுன்னு சொல்ற நிலைமை. அதே மாசம் 50 பெரிய கம்பெனிங்க இருக்கிற நிஃப்டி 50 பட்டியல்ல இருந்தும் தூக்கிட்டாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லா ஷேரையும் சேர்த்து வாங்குற இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருந்தவங்க முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியக்கூட தெரியாது, அவங்க பணத்துல அது ஒரு துளி. அதுக்குப் பேருதான் லாங் டெர்ம்.

கேள்வி: சார், இண்டெக்ஸ் ஃபண்ட்ல மாசம் 3,000 எஸ்ஐபி போடுறேன். மார்க்கெட் இறங்குறப்பல்லாம் வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்றார். (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நிறுத்தாதீங்கம்மா, இறங்குறப்பதான் அதே 3,000-க்கு யூனிட் அதிகமா விழுது. 2020 ஜனவரில 12,400 இருந்த நிஃப்டி மார்ச்ல 7,500-க்கு வந்துச்சு, வருஷக் கடைசில 14,000-ஐ தொடப் பார்த்துச்சு. ஆனா எப்பவும் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். சென்செக்ஸ் 2008 ஜனவரில 21,000, 2013 முடியுறப்பவும் அதே 21,000 சுமார்தான்! ஆறு வருஷம். பொண்ணு காலேஜ் ஃபீஸ் மூணு வருஷத்துல கட்டணும்னா அந்தக் காசை மட்டும் எஃப்டில போட்டு வைங்க, இதுல வேணாம்.

கேள்வி: என் தம்பி ஆப்ஷன்ஸ்ல (விலை ஏறுமா இறங்குமான்னு கணிச்சுப் பண்ற ஒப்பந்த வியாபாரம்) தினம் சம்பாதிக்கிறதா ஸ்கிரீன்ஷாட் காட்டுறான். நம்பலாமா?

பதில்: செபியே கணக்கு எடுத்துச்சு. 2021-22 முதல் மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ண 1 கோடிக்கு மேலான தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். உங்க தம்பி மிச்சம் 7 சதவீதத்துல இருக்கலாம், யார் கண்டா. ஸ்கிரீன்ஷாட்டை விடுங்க, புரோக்கர் ஆப்ல முழு வருஷத்துக்கான லாப நஷ்ட ரிப்போர்ட் டவுன்லோட் ஆகும், அதைக் காட்டச் சொல்லுங்க.